வோல்ரரின் அங்கியில் வைத்த மஞ்சள்

1

போன கிழமையோடு என் மனைவி யோகம் ரொறன்ரோவுக்கு வந்து ஒரு வருஷம் முடிந்தது. அதைக் கொண்டாட மகள் மதுரிக்கு ஒரு வெள்ளைச் சட்டை வாங்கினோம். புதுச் சட்டையைச் சும்மா போடலாமா என்று யோகம் அதன் கழுத்துப்பட்டியில் ஒரு பொட்டு மஞ்சள் வைத்துக் கொடுத்தாள். மகளும் முகத்தைச் சுளித்துக்கொண்டு போட்டாள். வினை அங்கேதான் தொடங்கியது.

மறுநாள் எங்கள் கட்டடத்தின் அடித்தளத்தில் இருக்கும் லோண்டரி அறையில் மதுரி அந்த மஞ்சளின் மேல் சவர்க்காரத்தைப் போட்டு உரசினாள். உரசியவள் வீரிட்டுக் கத்தினாள். டோர்செட் பார்க் பகுதியில் எங்களுடையது போன்ற மாடிக் கட்டடங்களில் யாராவது கத்தினால் முதலில் கதவைப் பூட்டுவோம், பிறகுதான் விசாரிப்போம். நான் அவளுக்குப் பக்கத்திலேயே நின்றதால் பூட்டுவதற்குக் கதவு இருக்கவில்லை.

"அப்பா, ப்ளட்! லுக், இட்ஸ் ப்ளட்!"

யோகம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "எடி விசரி, மஞ்சளிலை சவுக்காரம் பட்டால் சிவக்கும் எண்டும் தெரியாதோ? ஆலாத்தித் தண்ணி என்ன நிறம் எண்டு கண்டதில்லையோ?"

மதுரி எங்கே காண்பாள்? அவள் ஒன்பது வயதில் என்னோடு வந்தவள். ஏஜென்சிக்காரன் ஒரு தடவையில் இரண்டு பேரைத்தான் கொண்டுபோவேன் என்று சொன்னதால், தாய் கொழும்பில் தங்கிவிட்டாள். தாயை மறுபடி பார்த்தபோது மகளுக்குப் பதினைந்து. இடையில் ஆறு வருஷம் டெலிபோனில் "ம்", "ஓகே அம்மா", "பை" மட்டும்தான். மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்துச் சுற்றுகிற ஆலாத்தியை டெலிபோனில் காட்ட முடியாது.

யோகம் மேலே ஓடிப்போய்ப் பாதித் தேசிக்காயோடு வந்தாள். "இஞ்சை பார்" என்று சிவப்பின்மேல் பிழிந்தாள். கண் முன்னாலேயே அது மஞ்சளாக மாறியது. மதுரிக்கு அது வித்தைபோல இருந்திருக்க வேண்டும். "டூ இட் அகெய்ன்!" என்று தாயின் தோளில் தொங்கினாள். தாயும் மகளும் இப்படிச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

நானோ மெஷினில் சாய்ந்துகொண்டு நின்றேன். "என்னப்பா, மூஞ்சை வெளிறிப்போய்க் கிடக்கு?" என்று யோகம் கேட்டாள். சூடு என்று சொல்லித் தப்பினேன். அவளுக்குச் சொல்லாததை உங்களுக்கு எழுதுகிறேன். ஊரில் இருந்து வாசிக்கிற உங்களுக்கு நான் முகம் தெரியாதவன், அந்தத் துணிச்சல்தான்.

2

நான் தையல்காரன். சுன்னாகத்தில் கடை வைத்திருந்தேன். இங்கே வந்து இரண்டு வருஷம் பிறம்ரனில் ஒரு களஞ்சியத்தில் பெட்டி தூக்கினேன். பிறகு ஒரு ஒப்பராக் கொம்பனியின் உடுப்பு அறையில் வேலை கிடைத்தது. ஒப்பரா என்றால் முழுக்க முழுக்கப் பாட்டாகவே நடக்கும் நாடகம். எங்கள் கூத்துப் போலத்தான். இவர்களுக்கு மைக் கிடையாது, இரண்டாயிரம் பேர் இருக்கிற மண்டபத்தில் தொண்டையை மட்டும் நம்பி நிற்பார்கள்.

உடுப்பு அறைக்குத் தலைவி மார்கிரெற். வாயில் எப்போதும் நாலு குண்டூசி வைத்துக்கொண்டு கதைப்பாள். அவள் என்னிடம் முதலில் ஒப்படைத்த ஆள் வோல்ரர்.

வோல்ரர் கீழ்க்குரல் பாடகர். ஐம்பத்தெட்டு வயது, ஆறடிக்கு மேலே, குனிந்துதான் எங்கள் கதவால் வருவார். நான் வழமைபோல நெஞ்சை அளந்து, வழமைபோல வெட்டி, ஒரு மேலாடை தைத்து மாட்டிவிட்டேன். அவர் ஒரு வரி பாடிப் பார்த்தார். மூன்று பொத்தான் பறந்தது. ஒன்று மார்கிரெற்றின் தேத்தண்ணிக் கோப்பைக்குள் விழுந்தது.

"பாடகனை இரண்டு முறை அளக்க வேண்டும்" என்றாள் அவள். மூச்சு முழுக்க வெளியே போன பிறகு ஒருமுறை, முழுக்க உள்ளே வந்த பிறகு ஒருமுறை. வோல்ரரின் இரண்டு அளவுக்கும் இடையில் நாலரை அங்குலம் வித்தியாசம் இருந்தது. அந்த நாலரை அங்குலத்தைத் துணிக்குள் மடித்து ஒளித்து வைப்பதுதான் என் தொழில் என்று அன்று விளங்கியது.

அளவெடுக்க நிற்கிற மனிதருக்கு வாய் சும்மா இருக்காது. வோல்ரர் தன் கதை முழுவதையும் எனக்கு அப்படியே சொன்னார். கிழக்குக் கரையில், நியூஃபவுண்ட்லாந்தில் மீன்பிடிக் குடும்பம். தகப்பன் மூடுபனிப் புகாருக்குள்ளால் வள்ளத்துக்கு வள்ளம் கூப்பிடுகிற குரல்தான் தனக்கு வந்தது என்பார். கோயிலில் பாடி, பிறகு படிக்க வந்து, பத்து வருஷம் ஒப்பராவில் கூட்டத்தோடு கூட்டமாக நின்றிருக்கிறார். கீழ்க்குரல் நாற்பதுக்குப் பிறகுதான் பழுக்குமாம். ஜெர்மனியில் சின்னச் சின்ன ஊர்களில் எட்டு வருஷம் பாடித் திரும்பி வந்தவர்.

தான் பாடிய வேடங்களை ஒரு கொப்பியின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருந்தார். முப்பத்தேழு. அதில் பதினொரு அரசன், ஒன்பது பூசாரி, ஏழு தகப்பன், நாலு பிசாசு, இரண்டு சிறைக்காவலன், ஒரு குருட்டு நீதிபதி. மிச்சம் ஆவியும் கிழவனும். "இருபத்தாறு வயதிலேயே எனக்கு எண்பது வயது" என்று சிரிப்பார். "பெண்ணைக் கட்டுகிறவன் எப்போதும் மேல்குரல்காரன். பெண்ணைத் தர மாட்டேன் என்று நிற்கிறவன் நான். முப்பது வருஷமாக மேடையில் ஒரு கலியாணம் நடந்ததில்லை எனக்கு!"

முப்பத்தெட்டாவது வேடம்தான் அவர் இவ்வளவு காலமும் காத்திருந்தது. வெள்ளை அங்கி போட்ட தலைமைப் பூசாரி. கடைசியில் எல்லா வாத்தியமும் அடங்கிய பிறகு, அவருடைய குரலின் அடித்தட்டில் இருக்கும் ஒரு சுரத்தில் தனியே இறங்கி நிற்க வேண்டும். அவருடைய அண்ணன் தம்பிமார் மூன்று பேர் வாழ்நாளில் முதல்முறையாக ஒப்பரா பார்க்க வரப்போகிறார்கள் என்று ஒவ்வொரு நாளும் சொல்லுவார்.

அந்த அங்கியையும், அதற்குள்ளே போடும் வெள்ளைப் பருத்தி உள்ளங்கியையும் நான் தைத்தேன்.

3

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். வோல்ரர் நல்ல மனிதர், ஆனாலும் அவர் பாடத் தொடங்கினால் எனக்குப் பயம். கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிடுவேன்.

சுன்னாகத்துக் கடையில் நான் தைத்த ஒவ்வொரு சேட்டின் கழுத்துப்பட்டிக்குள்ளும் என் கடைப் பெயர் போட்ட சின்ன லேபிளை வைப்பேன். பெருமைதான், வேறென்ன. ஒருநாள் ஆமிக்காரர் ஒரு வெடிப்பு நடந்த இடத்தில் இரத்தம் தோய்ந்த சேட்டொன்றைக் கண்டெடுத்து, லேபிளைப் பார்த்து நேரே என்னிடம் வந்தார்கள். முகாமில் இருபத்துமூன்று நாள் வைத்திருந்தார்கள். மேசைமேல் அந்தச் சேட்டு ஒரு பிளாஸ்ரிக் பையில். மேசைக்கு அந்தப் பக்கம், இருட்டில் முகம் தெரியாத ஒரு அதிகாரி. அவனுடைய குரல் மட்டும் தெரியும். நிலத்துக்குக் கீழே இருந்து வருகிற மாதிரி ஒரு குரல்.

"இது யாருடைய அடையாளம்?"

என்னுடையது என்றேன். ஆருக்குத் தைத்தாய் என்றான். தெரியாது என்றேன். எனக்குத் தெரியும். அந்தப் பிள்ளை மெலிந்தவன், தோள் ஒரு பக்கம் இறங்கினவன். அளவுப் புத்தகமே தேவையில்லை. இருபத்துமூன்று நாளும் தெரியாது என்றே சொன்னேன். உயிரோடு விட்டது அவர்கள் பாவம் பார்த்ததாலா, களைத்துப் போனதாலா என்று இன்றைக்கும் தெரியாது.

அதன் பிறகு நான் தைத்த எதிலும் பெயர் வைத்ததில்லை. ஆனால் புது உடுப்பை ஒரு அடையாளமும் இல்லாமல் ஒருவருக்குப் போட்டுவிடவும் கை வராது. அதனால் கழுத்துப்பட்டியின் உட்பக்கத்தில், ஆருடைய கண்ணிலும் படாதபடி, ஒரு பொட்டு மஞ்சள். ஊசிப் பெட்டிக்குள் சின்னப் பேணியில் மஞ்சள்தூள் எப்போதும் இருக்கும். மார்கிரெற்றுக்குத் தெரியாது. ஆரிடமும் கேட்கவுமில்லை.

4

முழு உடுப்போடு நடந்த ஒத்திகைக்கு அடுத்த நாள் காலை, என்னை மார்கிரெற் தன் அறைக்கு வரச் சொன்னாள். போனேன். மேசைமேல் வோல்ரரின் உள்ளங்கி இருந்தது. பிளாஸ்ரிக் பைக்குள். கழுத்துப்பட்டியில், சரியாக நாடிக்குக் கீழே வருகிற இடத்தில், சிவப்பு.

எனக்குக் காது அடைத்துவிட்டது. மார்கிரெற்றின் வாய் அசைவது மட்டும் தெரிந்தது. சலவை செய்கிற பெண் கழுத்து அழுக்குக்குச் சவர்க்காரம் போட்டு உரசியிருக்கிறாள் என்று பிறகுதான் விளங்கியது. சிவந்ததும் பயந்து, அலசாமல் அப்படியே கொண்டுவந்து கொடுத்துவிட்டாள். அங்கே கொம்பனி முகாமையாளரும் நின்றார். வோல்ரர் மூலையில் ஒரு கதிரையில் இருந்தார்.

மூன்று வருஷத்துக்கு முன்பு வோல்ரருக்குத் தொண்டையில் சத்திரசிகிச்சை நடந்ததாம். அந்தக் கிழமை முழுக்க இருமிக்கொண்டும் இருந்தார். இரத்தம் துப்புகிற பாடகனை மேடையில் ஏற்ற முடியாது, பதிலாளைத் தயார் செய்யச் சொல்லிவிட்டேன் என்று முகாமையாளர் சொன்னார். அடுத்த வருஷ ஒப்பந்தத்தையும் யோசிக்க வேண்டும் என்றார்.

வோல்ரர் மறுக்கவில்லை. அதுதான் எனக்கு அப்போது விளங்கவில்லை. அவ்வளவு பெரிய மனிதர் தன் கையையே பார்த்துக்கொண்டு இருந்தார்.

"சலவைக்குப் போகும் முன் நீதான் கடைசியாக இதைக் கையில் எடுத்தவன்" என்றாள் மார்கிரெற் என்னிடம். "ஊசி குத்தியதா? உன்னுடைய இரத்தமா? இது யாருடையது?"

நான் "தெரியாது" என்றேன்.

வாய் தானாகச் சொன்னது. இருபத்துமூன்று நாள் பழகின சொல் அல்லவா. வெளியே வந்து கழுவுமிடத்தில் போய் நின்றேன். உண்மையைச் சொன்னால் வேலை போகும். வேலை போனால் கடிதம் போகும். யோகத்தைக் கூப்பிட நான் போட்டிருந்த ஸ்பொன்சர் பைலுக்கு, இவர் நிரந்தரமாக இங்கே வேலை செய்கிறார் என்று கொம்பனி ஒரு கடிதம் தர வேண்டும். ஏற்கனவே இரண்டு முறை படிவம் திரும்பி வந்திருந்தது. ஒருமுறை பெயரில் ஒரு எழுத்துப் பிழை, மற்றமுறை கலியாணப் பதிவின் மொழிபெயர்ப்பில் முத்திரை இல்லை.

பின்னேரம் வீட்டுக்குப் போனதும் மதுரியிடம் சும்மா கேட்பது போலக் கேட்டேன். "பிள்ளை, வேலையிலை ஒரு பிழை விட்டிட்டன் எண்டு தானாப் போய்ச் சொன்னால் இஞ்சை என்ன செய்வினம்?"

அவள் ரீவியில் இருந்து கண்ணை எடுக்காமல், "டிப்பெண்ட்ஸ். பட் அப்பா, இஞ்சை ஆரும் அடிக்க மாட்டினம்" என்றாள்.

அடிப்பதைப் பற்றி நான் அவளிடம் ஒருநாளும் கதைத்ததில்லை. அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று யோசித்து எனக்கு அழுகை வந்துவிட்டது.

5

அடுத்த நாள் மார்கிரெற்றின் அறைக்குள் என் ஊசிப் பெட்டியோடு போனேன். முகாமையாளரும் வோல்ரரும் வர வேண்டும் என்றேன். என் ஆங்கிலம் அன்றைக்கு எந்த லட்சணத்தில் இருந்தது என்று கேட்காதீர்கள். கதைத்து விளங்கப்படுத்த முடியாது என்று தெரிந்ததால் செய்துகாட்டினேன்.

ஒரு வெள்ளைத் துண்டை எடுத்து மஞ்சள் வைத்தேன். நனைத்துச் சவர்க்காரத்தால் உரசினேன். சிவந்தது. மார்கிரெற்றின் வாயில் இருந்து ஒரு குண்டூசி விழுந்தது. பாடகர்கள் தேனோடு குடிப்பதற்கென்று எங்கள் அறையில் எப்போதும் எலுமிச்சம்பழம் வெட்டி வைத்திருக்கும். ஊர்த் தேசிக்காய்க்குப் பதில் அதுதான். ஒரு பாதியை எடுத்துப் பிழிந்தேன். மஞ்சளாகிவிட்டது. பிறகு பைக்குள் இருந்த உள்ளங்கியை எடுத்து, அதன் கழுத்திலும் பிழிந்தேன். அதுவும் மஞ்சளாகிவிட்டது.

"இது என்னுடைய அடையாளம்" என்றேன். "நான் வைத்தது."

பிறகு வோல்ரர் சிரித்தார். கதிரை அதிரச் சிரித்தார். எழுந்துவந்து என்னைக் கட்டிப்பிடித்தார். கண் கலங்கியிருந்தது. எனக்கும் அப்படித்தான். முகாமையாளர் பதிலாள் தேவையில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

மார்கிரெற் சிரிக்கவில்லை. "வேறு எதிலெல்லாம் வைத்தாய்?" என்று கேட்டாள். எல்லாவற்றிலும் என்றேன். அவள் போய்த் தொங்குகிற உடுப்புகளின் கழுத்தை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள். அரசன், பிசாசு, தாதி, சிப்பாய், எல்லார் கழுத்திலும் மங்கலாக ஒரு பொட்டு. அவள் திருப்பத் திருப்ப என் உயிர் போய் வந்தது.

கடைசியில் திரும்பி வந்து, "இனிக் கழுத்தில் வேண்டாம். வைக்கத்தான் வேண்டுமென்றால் கீழ் விளிம்பில் வை, அதுவும் என்னிடம் சொல்லிவிட்டு வை" என்றாள். அவ்வளவுதான். ஸ்பொன்சர் கடிதத்தைப் பற்றி அவளே விசாரித்து, திங்கட்கிழமை கையெழுத்து வாங்கித் தருகிறேன் என்றாள். அன்று இரவு யோகத்துக்கு டெலிபோன் எடுத்து ஒன்றும் சொல்லாமல் சும்மா சிரித்தேன். "என்னப்பா, குடிச்சிருக்கிறியளோ?" என்றாள்.

உடுப்பு அறையில் அதன் பிறகு சிவப்பாக எதைக் கண்டாலும் "மஞ்சளா?" என்று கேட்டுச் சிரிப்பது ஒரு பகிடியாகிவிட்டது. தக்காளிச் சாறு சிந்தினாலும் மஞ்சள்தான்.

6

இத்தோடு நிறுத்தினால் நல்ல கதை. இதுவரைக்கும்தான் யோகத்துக்கும் சொல்லியிருக்கிறேன்.

வோல்ரர் இப்போது தன் கடற்கரை ஊரில் இருக்கிறார். அந்த வேடத்தை ஆறு காட்சி பாடினார். அதற்குப் பிறகு ஒரு மாதம் கழித்து வைத்தியரிடம் போனார். உயிரைக் காப்பாற்றினார்கள். குரல்வளையை எடுத்துவிட்டார்கள். கொஞ்சம் முந்தி வந்திருந்தால் குரலையும் பார்த்திருக்கலாம் என்று வைத்தியர் சொன்னதாக மார்கிரெற் அழுதுகொண்டு சொன்னாள். "எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லையே" என்றும் சொன்னாள். நான் அவளுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன்.

முதல் காட்சி ஒரு ஞாயிறு பின்னேரம். உடுப்பு மாற்றிவிடுகிற ஆளாக நான் மேடைக்குப் பக்கத்தில் திரைக்குப் பின்னால் நின்றேன். உள்ளங்கியின் கீழ் விளிம்பில், சொல்லிவிட்டுத்தான், மஞ்சள் வைத்திருந்தேன். கழுத்திலோ கையிலோ வைக்கவில்லை. கடைசிப் பாட்டில் வோல்ரர் அந்தச் சுரத்துக்கு இறங்கினார். என் செருப்புக்குக் கீழே பலகை நடுங்கியது. முகாமில் கேட்ட குரலும் இதே இடத்தில் இருந்துதான் வந்தது. ஆனால் அன்றைக்குத்தான் நான் ஓடாமல், காதைப் பொத்தாமல் முழுவதையும் கேட்டேன். மண்டபம் எழுந்து நின்றது. மூன்றாம் வரிசையில் அவருடைய சகோதரர்கள், கோட்டுக்குள் அடங்காத மூன்று கிழவர்கள், கைதட்டத் தெரியாமல் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

வோல்ரர் உள்ளே வந்து அங்கியைக் கழற்றித் தந்தார். உள்ளங்கியின் வலது கை நுனியில், உட்பக்கமாக, ஈரமாய் ஒரு சிவப்பு இருந்தது. அவர் இருமினால் அந்தக் கையைத்தான் வாயில் வைப்பார்.

நான் அவரைப் பார்த்தேன்.

"உன் மஞ்சள்தானே" என்றார். கேள்வியாக இல்லை. கெஞ்சுவதாக இருந்தது. அப்போதுதான் அன்றைக்கு அவர் ஏன் மறுக்காமல் இருந்தார் என்று விளங்கியது. கழுத்தில் இருந்த சிவப்பும் தன்னுடையது என்றே அவர் நினைத்திருக்கிறார்.

இரண்டு பேரும் கழுவுமிடத்துக்குப் போனோம். தட்டில் இருந்த எலுமிச்சம்பழத்தில் ஒரு பாதியை எடுத்து, அந்தச் சிவப்பின் மேல் பிழிந்தேன். அது மஞ்சளாகவில்லை. மற்றப் பாதியையும் பிழிந்தேன்.

"இன்னும் ஐந்து காட்சி" என்றார் வோல்ரர். "முப்பது வருஷம் காத்திருந்தேன். ஐந்து காட்சி. பிறகு நானே போவேன்."

அந்த நேரம் மார்கிரெற் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். கையில் பூங்கொத்து, முகம் முழுக்கச் சிரிப்பு. நான் பிடித்திருந்த துணியைப் பார்த்தாள். அதில் இருந்த சிவப்பைப் பார்த்தாள். மறுநாள் திங்கட்கிழமை, என் கடிதத்துக்குக் கையெழுத்து விழுகிற நாள்.

"என்ன, திரும்பவும் உன்னுடைய அடையாளமா?" என்று கேட்டாள்.

"ஓம்" என்றேன். "மஞ்சள்தான்."